விட்டுப் போனவர் யார்?

கூத்துக்கும் பாட்டுக்கும் பிறந்த வருஷம் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. எந்தக் கலையும் நாள் நட்சத்திரம் பார்த்துப் பிறப்பதில்லை. டாங்கோ விஷயத்தில் மாத்திரம் ஒரு சௌகரியம் உண்டு. டாங்கோ நடனம் எப்போது, எந்தத் தெருவில் பிறந்தது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லுவார்கள். டாங்கோ எப்போது அழ ஆரம்பித்தது என்று கேட்டால் பத்துப் பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்கள்: 1917-ஆம் வருஷம். அழுதவன் ஓர் ஆண்பிள்ளை. அவனோடு குடியிருந்தவள் அவனை விட்டுப் போய்விட்டாள், அதுதான் காரணம்.

அந்தப் பாட்டுக்கு 'மி நோச்சே திரிஸ்தே' என்று பெயர். 'என் சோக இரவு' என்று அர்த்தம். முதலில் அது பாட்டே அல்ல. சாமுவேல் காஸ்ட்ரியோட்டா என்பவர் 'லீத்தா' என்ற பெயரில் போட்டிருந்த வெறும் மெட்டு. அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸுக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில், உருகுவே நாட்டு மான்டிவிடியோ நகரம் இருக்கிறது. அங்கே பாஸ்குவால் கான்டுர்ஸி என்பவர் இரவு விடுதிகளில் கிதார் வைத்துக்கொண்டு பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தார். வார்த்தையில்லாத டாங்கோ மெட்டுக்களை எடுத்து, தாமாகவே வார்த்தை போட்டுப் பாடுவது அவர் வழக்கம். 'லீத்தா'வுக்கும் அப்படியே போட்டார். அது வரையில் நாட்டுப்புறப் பாட்டுக்களைப் பாடிப் பெயர் எடுத்திருந்த கார்லோஸ் கார்டெல், 1917-இல் அதைக் கிராமபோன் தட்டில் பாடினார். மறு வருஷம் பியூனஸ் அயர்ஸில் ஒரு நாடகத்தில் மனோலீத்தா போலி என்ற நடிகை அதை மேடையில் பாடினாள். அதோடு ஊர் முழுவதும் பற்றிக்கொண்டது.

பாட்டில் கதை என்று ஒன்றும் கிடையாது. அவள் போய்விட்டாள், அவன் அறையில் இருக்கிறான், அவ்வளவுதான். கான்டுர்ஸி அவனுடைய மனத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அறையிலுள்ள சாமான்களைப் பற்றிப் பேசுகிறார். அலமாரிக்குள் தொங்கும் கிதார், ரிப்பன் கட்டி அழகு பார்த்து வைத்திருந்த சின்னச் சின்னச் சீசாக்கள், முகம் பார்க்கும் கண்ணாடி, கட்டில், விளக்கு. அந்த நாட்டார் மாத்தே என்று ஓர் இலையை வெந்நீரில் ஊறவைத்து, ஒரே குடுவையிலிருந்து மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். தனியாகக் குடிப்பதில் அவ்வளவு ருசி இல்லை. அதனோடு சாப்பிட அவன் பிஸ்கோத்து வாங்கி வருகிறான், இரண்டு பேர் இருந்த காலத்தில் வாங்கிய மாதிரியே. கதை எழுதுகிறவர்கள் ஐந்து பக்கம் செலவழித்துச் சொல்ல வேண்டியதை இந்தப் பிஸ்கோத்துச் சொல்லிவிடுகிறது.

இதைக் கைக்கிளை என்று சொல்லலாமா என்றால், இலக்கணக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். கைக்கிளையில் மறுபக்கம் வாயே திறப்பதில்லை. இங்கே மறுபக்கம் ஒரு காலத்தில் பேசியிருக்கிறது, சிரித்திருக்கிறது, சீசாவுக்கு ரிப்பன் கட்டியிருக்கிறது, பிறகுதான் மௌனமாயிற்று. டாங்கோவின் ஒருதலைக் காதல் பெரும்பாலும் இந்த ஜாதிதான். இரண்டு தலையாக ஆரம்பித்து, ஒரு தலை குறைந்துபோனது.

அதற்கு முன்னால் டாங்கோவுக்கு வார்த்தையே இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அது ஜம்பம். ஆங்ஹெல் வில்லோல்டோ போன்றவர்கள் எழுதிய பழைய டாங்கோக்களில் பேட்டை ரவுடி மார்தட்டிக்கொள்வான். தன்னைப் போல ஆடுபவன் உண்டா, தன்னிடம் மயங்காத பெண் உண்டா என்று கேட்பான். 1905-இல் அவர் வார்த்தை எழுதிய 'லா மொரோச்சா'வில் ஒரு பெண்ணே வந்து, தான் எவ்வளவு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்று பாடிவிட்டுப் போகிறாள். அந்த ரவுடி திடீரென்று கட்டிலில் உட்கார்ந்து, 'தோற்றுப் போனேன்' என்று அழுதால் எப்படி இருக்கும்? அதைத்தான் கான்டுர்ஸி செய்தார். கத்தி வைத்திருந்த கையில் பிஸ்கோத்துப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

ஒரு நகரம் முழுவதும் அந்த அழுகையைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்? காரணம் ஜனத்தொகைக் கணக்கில் இருக்கிறது. 1869-இல் பியூனஸ் அயர்ஸில் இருந்த ஜனங்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. 1914-இல் 15 லட்சத்துக்கு மேல். அந்தப் பதினைந்து லட்சத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்; முக்கியமாக இத்தாலியர்கள், ஸ்பானியர்கள். கப்பலில் வந்தவர்களில் ஆண்கள் தொகை பெண்கள் தொகையைவிட வெகு அதிகம். கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள். பலர் திரும்பவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. 'கொன்வென்டில்லோ' என்ற பெயருடைய பெரிய வீடுகளில், நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், அல்லது ஐந்தாறு பிரம்மசாரிகள். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு பெண் வந்து கூட இருப்பது என்பது சாதாரண விஷயம் அல்ல. அவள் போய்விடுவது அதைவிடப் பெரிய விஷயம்.

அவர்கள் துக்கத்துக்கு ஏற்ற வாத்தியமும் கப்பலில் வந்து சேர்ந்தது. பாண்டோனியான் என்று பெயர். ஜெர்மனியில் கிரேஃபெல்ட் நகரத்து வாத்திய வியாபாரி ஹைன்ரிக் பாண்டின் பெயரை ஒட்டி வந்த பெயர் அது. நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு; மடியில் வைத்துக்கொண்டு துருத்தியை விரித்தும் மூடியும் வாசிப்பது. டாங்கோக்காரர்கள் விரும்பும் வகையில் 71 பொத்தான்கள். ஒரே பொத்தான் விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது வேறு சுரம் பேசும். கற்றுக்கொள்வதற்குப் படுகிற சிரமம் போதும், மனிதனைச் சோகராகம் வாசிக்க வைக்க!

1917-க்குப் பிறகு வந்த டாங்கோக்களில் விட்டுப் போகிற பெண்களுக்குக் கணக்கில்லை. அவள் எங்கே போகிறாள் என்பதும் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் ஒன்றுதான். ஏழைப் பேட்டையை விட்டு, நகரத்தின் நடுவில் விளக்குப் போட்ட காபரேக்குப் போகிறாள், பணக்காரன் ஒருவனோடு மோட்டாரில் போகிறாள், ஷாம்பேன் குடிக்கிறாள், கடைசியில் கெட்டுப்போகிறாள். 1920-இல் வந்த 'மிலோங்கீத்தா'வில் எஸ்தர்சீத்தா என்ற சின்னப் பெண்ணுக்கு நேர்வது இதுதான். செலடோனியோ ஃப்ளோரெஸ் எழுதி, கார்டெல் 1923-இல் தட்டில் பாடிய 'மானோ ஆ மானோ'வில் கைவிடப்பட்டவன் கணக்குத் தீர்க்கிறான்: நீ எனக்குச் செய்ததற்கும் நான் உனக்குச் செய்ததற்கும் சரியாகிவிட்டது, இப்போது சுகமாக இரு, ஒருநாள் உன்னை எல்லோரும் தூக்கி எறிவார்கள், அப்போது என்னிடம் வா என்கிறான். இதைப் பெருந்தன்மை என்று சொல்லுகிற ரசிகர்கள் அநேகர். எனக்கென்னவோ, சாபத்துக்குப் பட்டுத்துணி போர்த்தினாற்போல்தான் இருக்கிறது. என்ரீக்கே சாந்தோஸ் டிஸ்செபோலோ 1928-இல் எழுதிய 'எஸ்தா நோச்சே மே எம்பொராச்சோ'வில் அந்தப் போர்வைகூட இல்லை. விடியற்காலையில் காபரேயிலிருந்து வெளியே வரும் பழைய காதலி கிழண்டு, வற்றி, கோரமாகிவிட்டதைப் பார்த்து ஒருவன் பதறுகிறான். இவளுக்காகவா என் வாழ்வைப் பாழாக்கிக்கொண்டேன் என்று குடிக்கப் போகிறான். அழுகையை விட்டுக் கத்தியை எடுத்த பாட்டுக்களும் உண்டு. 'ஆ லா லூஸ் டெல் காந்தீல்' என்பதில் மனைவியையும் சிநேகிதனையும் கொன்றவன் போலீஸாரிடம் வந்து நிற்கிறான். அவளுடைய பின்னலும் அவனுடைய இருதயமும் சாட்சியமாக அவன் பையில் இருக்கின்றன. இதையும் ஜனங்கள் கண்ணில் நீர் வரக் கேட்டார்கள். கண்ணீர் யாருக்காக என்பதுதான் கேள்வி.

பாட்டுக்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தால், அந்த ஊரில் ஆண்கள் எல்லோரும் வீட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள்தாம் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றும். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1907-இல் வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்று கொன்வென்டில்லோவாசிகள் வாடகை கொடுக்க மறுத்து ஒரு பெரிய வேலைநிறுத்தம் மாதிரி நடத்தினார்கள். அதில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். லா போக்கா பேட்டையில் பெண்களும் குழந்தைகளும் துடைப்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரர்களின் அநியாயத்தைப் பெருக்கித் தள்ளப் போகிறோம் என்று ஊர்வலம் போனார்கள். துணி வெளுத்தும், இஸ்திரி போட்டும், தைத்தும் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு வந்த பாட்டில் அவர்கள் இல்லை. அவர்களுடைய பெண்களில் யாராவது ஒருத்தி பட்டுச் சேலைக்கு ஆசைப்பட்டு ஓடினால் அவள் மாத்திரம் இருக்கிறாள். டாங்கோ எழுதியவர்களுக்கு ஆசான் போன்ற எவரிஸ்தோ கரியேகோ என்ற கவி, 1912-இல் 29 வயதில் செத்துப் போனவர், வழி தவறிய தையற்காரப் பெண்ணைப் பற்றி எழுதினார். வழி தவறாமல் கண் கெடத் தைத்துக்கொண்டிருந்தவளைப் பற்றி எழுதினால் பாட்டு நன்றாக இராது போலும்.

இந்தப் பாட்டுக்களைப் பாடிய குரலையே எடுத்துக்கொள்ளுவோம். கார்டெல் தங்கள் நாட்டில் தாகுவரெம்போவில் பிறந்தவர் என்று உருகுவேக்காரர்கள் சண்டை போடுவார்கள். ஆராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் ஜனன ஆதாரம் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் இருக்கிறது: 1890 டிசம்பர் 11, தாய் பெர்த் கார்ட், தகப்பன் பெயர் இல்லை. கல்யாணமாகாத அந்தத் தாய் 1893-இல், இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு பியூனஸ் அயர்ஸில் வந்து இறங்கினாள். இஸ்திரி போட்டுப் பையனை வளர்த்தாள். கைவிடப்பட்ட ஆண்பிள்ளையின் துக்கத்துக்கு உலகமெல்லாம் அறிந்த குரல், ஒருவன் கைவிட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்த குரல். கார்டெல் 1935-இல் மெடியீனில் விமான விபத்தில் இறக்கும் வரையில், தட்டுத் தட்டாகப் பாடித் தள்ளினார். அவர் தாயாருடைய கதையை ஒத்த பாட்டுக்கள் அவற்றில் எத்தனை என்று தேட வேண்டியிருக்கிறது.

கான்டுர்ஸி சமாசாரமும் இப்படித்தான். மான்டிவிடியோவில் உட்கார்ந்து, தன்னை விட்டுப் போனவளைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, ஆற்றுக்கு இக்கரையில் அவருக்கு ஐந்தாறு வயதில் ஒரு பையன் இருந்தான். 1911-இல் பிறந்த பையன். ஹோஸே மரியா என்று பெயர். அவனைப் பிறகு பார்ப்போம்.

பெண்கள் பாடவே இல்லையா என்றால், பாடினார்கள். ஆனால் பெரும்பாலும் ஆணாக நின்று பாடினார்கள். அஸுசேனா மைஸானி என்ற பாடகி கால்சட்டை மாட்டிக்கொண்டு, பேட்டை ரவுடி வேஷத்திலும் மாட்டுக்காரன் வேஷத்திலும் மேடைக்கு வருவாள். டிஸ்செபோலோவின் அந்தக் கொடூரமான பாட்டை, கிழண்டுபோன காதலியைப் பார்த்துப் பதறும் பாட்டை, 1928-இல் முதலில் பிரபலப்படுத்தியவள் அவளேதான்! ஆனால் அவளுடைய புகழ் ஆரம்பித்தது வேறொரு பாட்டில். 1923-இல் ஒரு நாடகத்தில் 'பாத்ரே நுவெஸ்த்ரோ' என்று பாடினாள். என்ரீக்கே டெல்ஃபீனோவின் மெட்டு, அல்பர்த்தோ வக்கரேஸாவின் வார்த்தை. இதில் விட்டுப் போனவன் ஆண். காத்திருப்பவள் பெண். அவள் யாரையும் திட்டவில்லை, கணக்குத் தீர்க்கவில்லை. ஜபம் சொல்லுகிற பாவனையில் பரமபிதாவிடம் முறையிடுகிறாள். சபையோர் அதைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். ஜனங்களுக்கு அந்தக் கதையும் தெரிந்துதான் இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மைஸானி தானே வார்த்தையும் மெட்டும் போட்ட டாங்கோ ஒன்றும் இருக்கிறது: 'பெரோ யோ ஸே'. பணமும் பெண்களுமாக உல்லாசமாகத் திரியும் ஒருவனைப் பார்த்து, உன் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்கிறாள். ஆண்கள் பாட்டில் பெண்ணின் உள்ளே புகுந்து பார்த்தவர்கள் குறைவு. இவள் ஆணின் உள்ளே புகுந்து பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டுக்கொண்டு வெளியே வருகிறாள்.

ஆடா ஃபல்கோன் விஷயம் இன்னும் வருத்தமானது. 1930-இல் வாத்திய கோஷ்டித் தலைவர் பிரான்ஸிஸ்கோ கனாரோ, அவளுடைய கண்களைப் பற்றி ஒரு வால்ஸ் எழுதினார். அவளே அதைப் பாடினாள். அவர் கல்யாணமானவர். இருவருக்கும் இருந்த நேசம் ஊர் அறிந்தது. அவர் மனைவியை விட்டு வரவில்லை. 1940-களின் ஆரம்பத்தில், புகழ் உச்சியில் இருந்தபோதே, அவள் பாட்டை நிறுத்திவிட்டு, தாயாரோடு கார்டோபா மலைப்பக்கம் ஸல்ஸிப்புவேதெஸ் என்ற சிற்றூருக்குப் போய்விட்டாள். ஊர்ப் பெயருக்கு 'முடிந்தால் வெளியே போ' என்று அர்த்தம். அவள் திரும்பவில்லை. 2002-இல் அந்த மாகாணத்திலேயே காலமானாள். ஆண்பிள்ளை ஒருவன் இப்படிச் செய்திருந்தால் குறைந்தது ஐம்பது டாங்கோ எழுதியிருப்பார்கள்.

கான்டுர்ஸிக்குத் திரும்புவோம். மற்றவர் மெட்டுக்கு வார்த்தை போடும் பழக்கம் அவரை ஒரு பெரிய வழக்கில் கொண்டுபோய் விட்டது. உலகத்திலேயே பிரசித்தமான டாங்கோ 'லா கும்பர்சீத்தா'. மான்டிவிடியோவில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்த ஹெரார்டோ மாத்தோஸ் ரோட்ரிகெஸ் என்ற மாணவன் ஏதோ திருவிழா ஊர்வலத்துக்காகப் போட்ட மெட்டு அது. 1924-இல் கான்டுர்ஸியும் என்ரீக்கே மரோனியும் அவனைக் கேட்காமலே அதற்கு வார்த்தை எழுதிவிட்டார்கள். விஷயம் என்ன? வழக்கமானதுதான்: அவள் விட்டுப் போய்விட்டாள், நாய்கூடச் சாப்பிடுவதில்லை. கார்டெல் பாடினார், மெட்டுக்கு இரண்டாவது ஜன்மம் கிடைத்தது. மெட்டுக்காரர் கோபித்துக்கொண்டு தாமே வேறு வார்த்தை எழுதினார், கோர்ட்டுக்கும் போனார். தகராறு 1948 வரையில் இழுத்துக்கொண்டே போயிற்று. கான்டுர்ஸி அதைப் பார்க்கவில்லை. பாரிஸுக்குப் போய் வியாதியோடு திரும்பி, சித்தம் கலங்கி, 1932-இல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

1940-கள் வந்தபோது டாங்கோவின் காதல் கொஞ்சம் வயதாகி நிதானப்பட்டிருந்தது. 1942-இல் என்ரீக்கே கதீக்கமோ, ஹுவான் கார்லோஸ் கோபியானின் பழைய மெட்டு ஒன்றுக்கு எழுதிய 'லோஸ் மரேயாடோஸ்' பாட்டில் பிரியப் போகிற இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து குடிக்கிறார்கள். யார் யாரை விட்டார் என்ற பேச்சே இல்லை. 1943-இல் வந்த ராணுவ சர்க்கார் ரேடியோவில் கொச்சை மொழியும் குடியும் கூடாது என்று கெடுபிடி செய்தபோது, இதன் பெயரைக்கூட மாற்ற வேண்டியதாயிற்று. சர்க்காருக்குப் போதைதான் ஆட்சேபம். பிரிவுக்கு ஆட்சேபம் இல்லை.

அதே 1942-இல்தான் 'கிரிஸெல்' வந்தது. மெட்டு மரியானோ மோரெஸ். வார்த்தை ஹோஸே மரியா கான்டுர்ஸி. 1911-இல் பிறந்தானே, அந்தப் பையன். தகப்பனாரைப் போலவே பாட்டுக்காரனாகிவிட்டான். கிரிஸெல் என்பது கற்பனைப் பெயர் அல்ல. கார்டோபா மலைப்பிரதேசத்தில் கப்பில்லா டெல் மோன்டே என்ற ஊரில் இருந்த பெண். அவர் 1930-களில் அவளைச் சந்தித்தார். அவருக்கு மனைவி இருந்தாள், குழந்தைகள் இருந்தார்கள். உறவு வளர்ந்தது, பிறகு அவர் குடும்பத்தோடு தங்கிவிட்டார். அவள் மலையில் இருந்தாள்.

பாட்டில் அவர் செய்திருப்பதைப் பாருங்கள். தகப்பனாருடைய பாட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. மகனுடைய பாட்டில் பெயரே பாட்டுக்குப் பெயர். தகப்பனாருடைய பாட்டில் அவள் விட்டுப் போனாள். மகனுடைய பாட்டில், விட்டுப் போனவன் நான், சத்தியம் தவறியவன் நான், உன்னிடம் வந்திருக்கவே கூடாது என்று அவன் சொல்லுகிறான். இருபத்தைந்து வருஷமாக டாங்கோ சுமத்திக்கொண்டு வந்த குற்றப்பத்திரிகையில் பெயர் மாறிவிட்டது. ஆனிபல் திரோயிலோவின் கோஷ்டியோடு ஃபியொரென்டீனோ அந்த வருஷமே அதைத் தட்டில் பாடினார். அர்ஜென்டினா முழுவதும் அந்தப் பெயர் கேட்டது. மலை ஊரிலும் ரேடியோ இருந்திருக்கும். ஊரார் எல்லோரும் தன் பெயரைப் பாடிக்கொண்டிருக்க, அந்தப் பெண் கடைக்கும் கோயிலுக்கும் எப்படிப் போய் வந்தாளோ! மன்னிப்புக் கேட்பதாக இருந்தாலும், அதை வாத்திய கோஷ்டி வைத்துக் கேட்பது ஒரு விதத்தில் ஆணுக்குத்தான் சௌகரியம். இந்தக் குறையைச் சொல்லியும், பாட்டு நல்ல பாட்டு என்பதை மறுக்க முடியவில்லை.

அவளும் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாள், அது நிலைக்கவில்லை. இங்கே அவருடைய மனைவி காலமானாள். 1960-களின் ஆரம்பத்தில் சிநேகிதர்கள் மூலம் சமாசாரம் தெரிந்து, கிரிஸெல் மலையிலிருந்து பியூனஸ் அயர்ஸுக்கு வந்து அவரைப் பார்த்தாள். பாட்டு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. 1967-இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் தலைநகரத்தில் இருக்கவில்லை. அவளுடைய ஊரான கப்பில்லா டெல் மோன்டேக்கே போய்விட்டார். ஐந்து வருஷம் அங்கே இருந்து, 1972-இல் அங்கேயே இறந்தார்.